20 வருட மருத்துவ உதவியை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்?

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளின் எய்ட்ஸ் சிகிச்சைக்கு அமெரிக்கா 20 வருடத்துக்கு மேலாகக் கொடுத்துவந்த உதவியை இப்போது நிறுத்திக்கொண்டு வருகிறது. எத்தனை நாளைக்குத்தான் இன்னொரு நாடு கொடுத்துக்கொண்டே இருக்கும்? மாத்திரை மட்டும் தொடர்ந்து கிடைக்கும் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன பெரிய பாதிப்பு?

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். எந்த உதவியும் ஒருநாள் முடியத்தான் வேண்டும். முடியக்கூடாது என்று நான் வாதாடப்போவதில்லை. எப்படி முடிக்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. உதவி முடிவதை நான் இரண்டு இடங்களில் பார்த்தவன். ஒன்று சேலத்தில், நேரிலேயே. இன்னொன்று ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கப் பகுதியான காப்பர்பெல்ட்டில், அங்கே இருக்கும் பழைய நண்பர்கள் வழியாக. சேலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாக இருந்தேன். பிறகு 2016-லிருந்து ஐந்து வருடம் ஜாம்பியாவில் இந்த உதவித் திட்டத்தின் மருந்து விநியோகப் பிரிவில் வேலை செய்தேன். இரண்டு ஊரிலும் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த உதவி எப்படித் தொடங்கியது என்று முதலில் தெரியவேண்டும். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீத், மூன்று மருந்துகள் சேர்ந்த எச்.ஐ.வி. சிகிச்சையை ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் சொன்னார். அதுவரை அதே சிகிச்சைக்குப் பெரிய நிறுவனங்கள் வாங்கிய விலை 10,000 டாலருக்கு மேல். இந்த விலை வீழ்ச்சி இல்லாவிட்டால் அடுத்து நடந்த எதுவுமே நடந்திருக்காது. 2003 ஜனவரி 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய ஜார்ஜ் புஷ், ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட மூன்று கோடிப் பேருக்கு இந்தக் கிருமி இருக்கிறது, மருந்து கிடைப்பதோ வெறும் 50,000 பேருக்கு என்றார். ஐந்து வருடத்துக்கு 1,500 கோடி டாலர் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் பெப்ஃபார் திட்டம். அதன்பிறகு புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் என்று ஆட்சிகள் மாறியும் திட்டம் மாறவில்லை. மொத்தச் செலவு 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2024-ல் இரண்டு கோடிப் பேருக்கு மேல் இந்தத் திட்டத்தின் துணையோடு தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய இரண்டரைக் கோடி உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன என்பது அந்தத் திட்டமே சொல்லும் கணக்கு.

எண்களைப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. என்னோடு வேலை பார்த்த மூத்த நர்ஸ் அம்மா ஒருவர் பழைய கதை சொல்வார். 2000 வாக்கில் அவருடைய வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் பாயில் இன்னொருவர். சனிக்கிழமை என்றால் சாவு வீடு என்பது வழக்கமாகிப்போயிருந்ததாம். ஜாம்பியாவில் அப்போது சராசரி ஆயுள் 50-க்கும் கீழே. இன்று 60-ஐத் தாண்டிவிட்டது. நான் போனபோது அதே வார்டில் மலேரியாக் குழந்தைகளும் பிரசவித்த பெண்களும்தான் படுத்திருந்தார்கள். "கட்டில் காலியாக இருப்பதைப் பார்க்கத்தான் நான் இன்னும் ரிட்டையர் ஆகாமல் இருக்கிறேன்" என்பார் அவர்.

சரி, 2025-க்கு வருவோம். ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப், வெளிநாட்டு உதவி முழுவதையும் 90 நாள் நிறுத்திவைத்து ஆய்வு செய்யச் சொல்லி உத்தரவிட்டார். நான்கு நாளில் வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு கிளினிக்குகள் வரை போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் உயிர்காக்கும் மருந்துக்கு விலக்கு என்று அறிவித்தார்கள். ஆனால் பணம் போகும் வழியே அடைபட்டிருந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விலக்குக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பல இடங்களில் யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 10 அன்று, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஜூலை 1-ம் தேதியோடு யு.எஸ்.எய்ட் வெளிநாட்டு உதவி செய்வதே நின்றுபோனது. பெப்ஃபார் பெயரளவில் இருக்கிறது. ஆனால் அதன் கை கால்களாக இருந்தவர்களில் பெரும்பகுதியினர் இன்று வேலையில் இல்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மாத்திரைதான் தொடர்கிறதே?

மாத்திரை உண்மையிலேயே மலிவு. டெனோஃபோவிர், லமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு வருடத்துக்கு 40 டாலருக்கும் குறைவு. பெரும்பாலும் இந்திய நிறுவனங்களின் தயாரிப்பு. 90 மாத்திரை உள்ள ஒரு டப்பா மூன்று மாதத்துக்கு வரும். கிளினிக் வாசலில் நான் அடிக்கடி பார்த்த காட்சி ஒன்று. டப்பாவை வாங்கிய பெண் சுவர் ஓரமாக ஒதுங்குவாள். மூடியைத் திறந்து மாத்திரைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டுவாள். பையை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு, டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுப் போவாள். ஏன் தெரியுமா? டப்பா நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம் போடும். மினி பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு அது என்ன சத்தம் என்று தெரிந்துவிடும். ஈரம் படாமல் இருக்கத்தான் அந்த டப்பா. அதை எறிந்தால் மாத்திரை கெட்டுப்போகும். இதை அவளிடம் பக்குவமாகப் பேசி, டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்துக் கொடுத்தவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அதே கிருமியோடு பத்து வருடமாக வாழ்ந்துவரும் ஒரு பெண் தன்னார்வலர். மாதம் ஒரு சிறு தொகைதான் அவருக்குப் படி. உதவி நின்றபோது முதலில் போனவர் அவர்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குக் குழந்தை பிறந்தால் ஆறாவது வாரம் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு அட்டையில் அச்சிட்டிருக்கும் வட்டங்களில் ரத்தச் சொட்டு வைப்பார்கள். அட்டையை நிழலில் மணிக்கணக்கில் காயவைக்கவேண்டும். அப்புறம் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு உறையில் போட்டு மூடுவார்கள். ஒரு ஆள் அதை மோட்டார் சைக்கிளில் லேப்புக்கு எடுத்துப்போவார். மழைக்காலத்தில் அந்த மண் ரோட்டில் 60 கிலோமீட்டர் போவது சாதாரண விஷயமில்லை. கிருமி தொற்றியிருந்து சிகிச்சை கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டமாட்டார்கள். அதனால்தான் அந்த அட்டைக்கு அவ்வளவு அவசரம். 2025 பிப்ரவரியில் பழைய நண்பர் ஒருவர் போனில் சொன்னார்: பெட்ரோலுக்குப் பணம் வராததால் வண்டி மூன்று வாரமாக ஷெட்டில் நிற்கிறது, அட்டைகள் மேசை டிராயரில் இருக்கின்றன. மருந்து அலமாரியில் குழந்தைகளுக்கான மருந்து இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

மாத்திரையை எண்ணிப் பார்த்துப் பாதிப்பு இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான். மாத்திரைக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு சங்கிலி இருக்கிறது. டெஸ்ட் எடுக்கிறவர், ரிசல்ட்டைப் பதிவு செய்கிறவர், தேதி தவறியவரை வீடு தேடிப் போய் அழைத்து வருகிறவர், ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று அளக்கும் லேப், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி திரும்பப் பெருகத் தொடங்கும். ஒழுங்காகச் சாப்பிட்டுக் கிருமி அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. ஆக, ஒருவர் மாத்திரையைத் தவறவிடுவது அவரோடு முடிகிற விஷயம் இல்லை.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். உலகத்திலேயே அதிகமாக, ஏறக்குறைய 80 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாடு அது. அந்த நாடு மாத்திரையை முழுக்கத் தன் சொந்தப் பணத்தில்தான் வாங்குகிறது. அமெரிக்கா கொடுத்தது அங்கே எச்.ஐ.வி. செலவில் சுமார் 17 சதவீதம், வருடத்துக்கு ஏறத்தாழ 44 கோடி டாலர். அது பெரும்பாலும் ஆட்களுக்கான பணம். அதனால் உதவி நின்றபோது அங்கே ஒரு மாத்திரைகூடக் குறைந்திருக்கவேண்டியதில்லை. நடந்தது என்ன? 2025 பிப்ரவரி 25 அன்று, தனக்குத் தொற்று இருப்பது தெரிந்தும் சிகிச்சைக்கு வராத 11 லட்சம் பேரை வருடக் கடைசிக்குள் அழைத்து வருவோம் என்று சொவெட்டோவில் அரசு ஒரு இயக்கம் தொடங்கியது. வீடு தேடிப் போகிற அந்த வேலையைச் செய்யவேண்டிய அமைப்புகளுக்கு அடுத்த இரண்டு நாளில் ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் வந்தது. சுமார் 8,000 சுகாதாரப் பணியாளர்கள் வேலை இழந்தார்கள். ரத்தத்தில் கிருமி அளவைப் பார்க்கும் சோதனைகள் இரண்டே மாதத்தில் சில பிரிவினரிடம் 21 சதவீதம் வரை குறைந்தன. அதிகம் அடிபட்டவர்கள் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இளைஞர்கள். அரசு பிற்பாடு கூடுதல் நிதி ஒதுக்கியது உண்மை. ஆனால் கலைந்துபோன ஆட்களை அதே கிராமத்தில், அதே நம்பிக்கையோடு மறுபடி நிறுத்துவதற்கு வருடங்கள் பிடிக்கும்.

இந்த இடத்தில் எதிர்த் தரப்பு சொல்வதையும் நியாயமாகக் கேட்கவேண்டும். ஏனென்றால் அதில் பாதி உண்மை.

ஜாம்பியா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் அமெரிக்கத் தூதர் மைக்கேல் கொன்சாலஸ், வருடத்துக்கு 5 கோடி டாலர் மருந்து உதவியை 2026 ஜனவரியிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தார். காரணம் திருட்டு. அவர்கள் ஆட்கள் நாடு முழுக்க 2,000-க்கு மேற்பட்ட மருந்துக் கடைகளுக்குப் போய்ப் பார்த்தபோது, நோயாளிக்கு இலவசமாகப் போய்ச் சேரவேண்டிய மருந்துகள் கடைகளில் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன. நான் அங்கே ஸ்டாக் எண்ணியவன். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, வேதனையாக இருந்தது. மாவட்ட ஸ்டோருக்குப் புறப்பட்ட பெட்டியும் வந்துசேர்ந்த பெட்டியும் எண்ணிக்கையில் ஒத்துப்போகாத நாட்களில் நான் எழுதிய குறிப்புகள் எங்கே போயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொடுக்கிற நாட்டின் கோபத்தில் தவறு சொல்லமாட்டேன். அந்தத் திருட்டை நடத்தியவர்களில் யாருக்கும் எச்.ஐ.வி. மாத்திரை தடைபடாது, தடைபடுவது டப்பாவைச் சுவர் ஓரம் திறக்கிற அந்தப் பெண்ணுக்குத்தான். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே ஏழு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தார்கள், காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆப்பிரிக்க நாடுகள் உதவியையே சார்ந்திருக்கின்றன என்ற குற்றச்சாட்டும் புதிது இல்லை. ஜாம்பியாவைச் சேர்ந்த பொருளாதார வல்லுநர் டாம்பிசா மோயோ 2009-லேயே இதை உரக்கச் சொன்னார். 2001-ல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி கொடுத்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான் அதைத் தொட்டன. உதவி வந்த விதமும் சரியில்லை. எங்கள் திட்டத்துக்குத் தனி ரெஜிஸ்டர், தனி வண்டி, தனிச் சம்பளம். ஒரே கட்டடத்தில் அரசு நர்ஸுக்கு ஒரு சம்பளம், பக்கத்து அறையில் திட்டத்தில் இருப்பவருக்கு அதைவிடக் கூடுதல் சம்பளம். அரசின் நல்ல ஆட்கள் எங்கள் பக்கம் வந்தார்கள், அப்போது எங்களுக்கு அது சந்தோஷமாக இருந்தது. இன்று யோசித்தால், அரசாங்கத்தின் முதுகெலும்பை நாங்களே கொஞ்சம் கொஞ்சமாக உருவியெடுத்தோமோ என்று தோன்றுகிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட புதிய கொள்கை, பழைய உதவியில் மருந்துக்கும் களப்பணியாளருக்கும் போனது சுமார் 40 சதவீதம்தான், மீதி ஆலோசனை, நிர்வாகம், மேல்செலவு என்கிறது. உள்ளே இருந்தவன் என்ற முறையில் அந்தக் குறையை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வெட்டு விழுந்தபோது மேலே இருந்த 60-ஐ மட்டும் வெட்டவில்லையே. மோட்டார் சைக்கிள்காரரும் தன்னார்வலப் பெண்ணும் அந்த 40-ல் இருந்தவர்கள்.

அப்படியானால் எப்படித்தான் முடிப்பது என்று கேட்பீர்கள். இதற்கு நான் சேலத்துக்குத் திரும்பவேண்டும்.

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் சுவரில் எழுதியிருந்த காலம் நினைவிருக்கும். இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-ல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். நம்மூரிலும் அப்போது வெளிநாட்டுப் பணம் இருந்தது. 1995 முதல் யு.எஸ்.எய்ட் பணத்தில் சென்னையின் வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக ஒரு தடுப்புத் திட்டம் நடந்தது. 2003-ல் கேட்ஸ் அறக்கட்டளை 'ஆவஹன்' என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தைத் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கியது. நான் வேலை பார்த்த அமைப்பும் அதில் இருந்தது. ஒருநாள் இதை அரசிடம் ஒப்படைப்போம் என்பது ஆரம்பத்திலேயே பேசி முடிவான விஷயம். ஒப்படைத்ததும் ஒரே மூச்சில் இல்லை. 2009-ல் பத்தில் ஒரு பங்கு, 2011-ல் இன்னும் இரண்டு பங்கு, 2012-ல் மீதி ஏழு. முதல் பங்கில் சறுக்கியதையெல்லாம் பார்த்து அடுத்ததில் திருத்தினார்கள்.

எங்களுக்கு அது சுகமான காலம் என்று சொல்லமாட்டேன். ஒப்படைப்பதற்கு முன்பே எங்கள் பட்ஜெட்டை அரசு விகிதத்துக்குக் குறைத்தார்கள். என் சம்பளமும் குறைந்தது. பழைய படிவத்தைத் தூக்கிப்போட்டு அரசுப் படிவத்தில் எழுதப் பழகினோம். புலம்பினோம். ஆனால் பெயர்ப்பலகை மாறிய அன்று எங்களிடம் வந்துகொண்டிருந்த பெண்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதே அக்கா, அதே தெரு, அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்தில் அதே கவுன்சிலர். வாங்கிக்கொள்ள ஒரு அரசாங்கம் அந்தப் பக்கம் கையை நீட்டியபடி நின்றது, அதற்குப் பணமும் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2020-ல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்த ஜாம்பியாவிடம் அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது. அதனால் அங்கே நான்கு வருடம் போதாது, எட்டோ பத்தோ ஆகும். 90 நாள் எந்த நாட்டுக்கும் போதாது.

இனி என்ன ஆகும்? அமெரிக்கா இப்போது நாடு நாடாகத் தனி ஒப்பந்தம் போடுகிறது. 2025 டிசம்பர் 4 அன்று கென்யாவோடு முதல் ஒப்பந்தம். ஐந்து வருடத்தில் அமெரிக்கா 160 கோடி டாலர் வரை தரும், கென்யா தன் பங்காக 85 கோடி டாலர் கூடுதலாகப் போடும். தொண்டு நிறுவனங்களைத் தாண்டி அரசாங்கத்துக்கே பணம் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. உள்நாட்டுப் பங்கு வருடாவருடம் ஏறுவதும் சரியான திசைதான். நோயாளிகளின் தகவலைப் பகிரும் பகுதிக்குக் கென்யாவின் உயர் நீதிமன்றம் சில நாளிலேயே இடைக்காலத் தடை போட்டது, அந்தப் பயமும் நியாயமானதே. ஜாம்பியாவோடு நடந்த பேச்சில் சுரங்கத் துறை ஒத்துழைப்பும் சேர்ந்துகொண்டது. நோயாளியின் மாத்திரையையும் தாமிரத்தையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு உறுத்துகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. கென்யாவில் தயாரான மாத்திரையை 2025-ல் முதல்முறையாக மொசாம்பிக்குக்காக வாங்கினார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே செய்த எச்.ஐ.வி. மாத்திரையை, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் பன்னாட்டு அமைப்பான உலகளாவிய நிதியம் வாங்கியது அதுதான் முதல் தடவை. அப்புறம் லெனகாபவிர் என்ற ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் தொற்று வராமல் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கிறது. டப்பா இல்லை, சத்தம் இல்லை, முடிந்து மறைக்கவேண்டியது எதுவும் இல்லை. 2025 நவம்பரில் முதல் தவணை ஜாம்பியாவுக்கும் எஸ்வாட்டினிக்கும் போய்ச்சேர்ந்தது. ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ நிறுவனங்கள் 2027 முதல் வருடத்துக்கு 40 டாலர் விலையில் அதைத் தரப்போகின்றன.

அந்த ஊசி போடுவதற்கு முன் தொற்று இல்லை என்று டெஸ்ட் எடுத்தாகவேண்டும். ஆறு மாதம் கழித்து அவரை நினைவாக மறுபடி கூப்பிட்டாகவேண்டும். காப்பர்பெல்ட்டில் என்னோடு இருந்த அந்தத் தன்னார்வலப் பெண் இப்போது சந்தையில் தக்காளி விற்கிறார். அவருடைய பழைய நோட்டுப் புத்தகம் இன்னும் அவரிடமே இருக்கிறது. 140 பெயர்கள், யாருக்கு எந்தத் தேதி, யார் வீட்டுக்குப் போகும்போது புருஷன் இல்லாத நேரமாகப் போகவேண்டும் என்பது வரை அதில் எழுதியிருக்கும். கிளினிக்கிலிருந்து யாராவது வந்து கேட்டால் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார். போன மாதம் பேசியபோது இதுவரை யாரும் வரவில்லை என்றார்.